தண்ணீர் தராதவர்கள் குடத்துக்கு அபராதம் போடுகிறார்கள்

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



டெங்குவைப் பற்றிப் பேச ஒரு மருத்துவரை அழைத்திருக்கலாமே, என்னை ஏன் அழைத்தார்கள் என்று முதலில் யோசித்தேன். பிறகு எங்கள் வீட்டு நீல டிரம் நினைவுக்கு வந்தது. அதைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

எங்கள் காலனிக்கு எட்டு நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். குழாயின் கடைசி முனை நாங்கள். ஊர்த்தெருக்கள் பிடித்து முடித்த பிறகு வருவதுதான் எங்களுக்கு. அதனால் டிரம், குடம், அண்டா, சிமெண்ட் தொட்டி என்று இருப்பதிலெல்லாம் பிடித்து வைப்போம். ஒரு மழைக்காலத்தில் சோதனைக்கு வந்த அதிகாரி டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். புழு நெளிந்தது. "உங்களுக்கெல்லாம் சுத்தமா இருக்கவே தெரியாதா?" என்றார். டிரம்மைக் கவிழ்த்துவிட்டு நோட்டீஸ் கொடுத்தார். அம்மா ஒன்றுதான் கேட்டார்: "கொட்டிட்டீங்க சார், நாளைக்குத் தண்ணி விடுவீங்களா?"

பதில் இல்லை.

'உங்களுக்கெல்லாம்' என்ற சொல்லில் இருக்கும் சாதியை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அறிவியல்படியும் அந்தக் கேள்வி தவறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. பிடித்து வைத்த நல்ல தண்ணீரைத்தான் தேடுகிறது. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுவது கொசுவின் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. முட்டைகளோ பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். கவிழ்த்தால் மட்டும் போகாது, தேய்த்துக் கழுவ வேண்டும். கழுவவும் தண்ணீர்தானே வேண்டும்?

அரசுக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் 2012இல் டெங்குவுக்கு 66 பேர் இறந்தார்கள். 2017இல் 65 பேர். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நிலவேம்புக் குடிநீர் வந்தது, புகையடித்தார்கள், 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தைக் காட்டி நோட்டீஸ் கொடுத்தார்கள். கட்டுமான நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டார்கள், மறுக்கவில்லை. நிறுவனத்துக்கு அது செலவுக் கணக்கில் ஒரு வரி. எங்கள் வீட்டில் அது ஒரு வாரக் கூலி.

கொசுப்புழு ஒழிக்க வீடு வீடாகப் போகிறவர்களையும் பாருங்கள். எங்கள் காலனி அக்கா ஒருவர் அந்த வேலைக்குப் போகிறார். தினக்கூலி, நிரந்தரம் கிடையாது. சில வீடுகளில் அவரை வாசலோடு நிறுத்திவிடுவார்களாம். மாடித் தொட்டியைப் பார்க்க விடமாட்டார்கள். அபேட் மருந்தை வாசலில் வாங்கிக்கொண்டு, "நாங்களே ஊத்திக்கிறோம்" என்று அனுப்பிவிடுவார்கள். அந்தத் தொட்டியில் பிறக்கும் கொசு சில நூறு மீட்டர் பறக்கும். ஊருக்கும் காலனிக்கும் நடுவே இருக்கும் ஓடை அதற்குத் தடையே இல்லை.

நோய் வந்த பிறகும் ஏற்றத்தாழ்வு தொடர்கிறது. டெங்குவில் ஆபத்தான நேரம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது அல்ல. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும்போதுதான் இரத்த நாளங்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், சோர்வு இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் காய்ச்சல் விட்ட அன்றைக்கே வேலைக்குக் கிளம்புவது யார்? ஒருநாள் லீவு எடுத்தால் அன்றைய கூலி போகும் நம் அப்பா, அம்மாக்கள்தான். டெங்குவுக்கென்று வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. ஓய்வும் நீராகாரமும் மருத்துவர் கண்காணிப்பும்தான் உயிர் காக்கும். ஓய்வு இங்கே எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

தொட்டிகளை மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள் என்று நானும் சொல்கிறேன். உயிர் நம்முடையது. அதோடு நிறுத்தினால் பழி மட்டும் நம் தலையில் விழும்.

1927இல் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தது உரிமைக்காக. அந்த உரிமை இன்னும் எங்கள் குழாய்முனைக்கு வந்து சேரவில்லை. அடுத்த கிராம சபையில் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்? தெருவாரியாகப் பதில் வாங்குங்கள். காய்ச்சல் வந்த வீடுகளின் பட்டியலை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு யாருக்கு நோட்டீஸ் கொடுப்பது என்று பேசலாம்.

ஜெய் பீம்.