மூலக்கூறு இயந்திரங்களைக் கற்கப் புகுந்த கதை



இசைக்கும் நாடகத்துக்கும் இடையே அறிவியல் பேச்சு ஒன்றை நுழைப்பது குழந்தைகளின் சாபத்துக்கு ஆளாகும் செயல் என்பதை நாங்கள் அறிவோம். செயலாளர் விடவில்லை. சென்ற ஓராண்டாகச் சங்க நூலகத்தின் பின்னறையில் ஞாயிறுதோறும் நாங்கள் எழுவர் கூடி என்னதான் படிக்கிறோம் என்று பலரும் வினவுகின்றனர். அதற்கு விடை கூறவே இங்கு நிற்கிறோம்.

படிப்புத் தொடங்கிய காரணத்தை மறைக்க வேண்டுவதில்லை. எங்களுள் ஒருவர், ஓய்வு பெற இரண்டாண்டு இருக்கையில், சேமநிதியிலிருந்து பணம் எடுத்துத் தம் மகனை வெளியூரில் ஒரு பயிற்சி நிலையத்தில் சேர்த்தார். ஆறு திங்களில் நானோ தொழில்நுட்ப வல்லுநனாக்கித் தருவோம் என்பது அந்நிலையத்தார் வாக்கு. பிள்ளை திரும்பியபோது கையில் பளபளப்பான சான்றிதழ் இருந்தது. அத்துணைச் சிறிய உலகில் ஓர் இயந்திரத்தை வெப்பம் என்ன செய்யும் என்று கேட்டோம், விடை இல்லை. பிள்ளை அறிவிலி அல்லன். அவனுக்கு எவரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவே. இன்று அவன் எங்கள் எழுவரில் ஒருவன், தந்தையும் ஒருவர்.

எங்களிற் பெரும்பாலோர் பிலாய் உருக்காலையில் லேத்தும் அளவுக்கருவியும் பிடித்துப் பழகிய கையினர். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு என்றால் எங்களுக்கு நுட்பமான வேலை. அந்த நூறில் ஒரு பங்கு 10,000 நானோமீட்டர். வைரத்தில் அடுத்தடுத்து நிற்கும் இரு கார்பன் அணுக்களின் இடைவெளியோ 0.154 நானோமீட்டர். ஆகவே நாம் பெருமையோடு "சரியாக இருக்கிறது" என்று விட்டுவிடும் அந்தச் சிறு பிழைக்குள் ஏறத்தாழ 65,000 கார்பன் அணுக்கள் வரிசையாக நிற்கும். இதைக் கரும்பலகையில் கணக்கிட்ட அன்று எங்கள் மூத்த லேத்காரர் நெடுநேரம் பேசவில்லை.

இத்துறைக்குத் தோற்றுவாயாகச் சொல்லப்படும் உரையை ரிச்சர்டு பெயின்மன் 1959 டிசம்பர் 29 அன்று அமெரிக்காவின் பாசடீனா நகரில் நிகழ்த்தினார். அணுக்களை நாம் விரும்பியவாறு ஒவ்வொன்றாக அடுக்குவதை இயற்பியல் விதிகள் தடுக்கவில்லை என்பது அவர் கூற்று. ஓர் அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு பருமனுக்குள் அடங்கும் மின்மோட்டார் செய்வோர்க்கு 1,000 டாலர் பரிசு என்றும் அறிவித்தார். வில்லியம் மெக்லெல்லன் என்ற பொறியாளர் 1960-இலேயே அதைச் செய்து முடித்துவிட்டார். அதுவும் பழைய கருவிகளைக் கொண்டே. புதிய முறை பிறக்கும் என்று வைத்த பரிசு, பொறுமையுள்ள ஒரு கைக்குப் போயிற்று! எங்களுக்கு அந்த மனிதர் மீது தனி அன்பு உண்டு.

ஆனால் பொறுமையுள்ள கை அதற்குக் கீழே செல்லாது. ஏன் என்பதுதான் பாடம். ஒரு பொருளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினால் அதன் மேற்பரப்பு நூறில் ஒன்றாகும். கனவளவும் எடையும் ஆயிரத்தில் ஒன்றாகும். எனவே சுருங்கச் சுருங்க எடை பொருளற்றுப் போக, பரப்பால் ஒட்டும் விசை ஓங்குகிறது. நம் ஆலையில் கீழே விழும் மரையாணி அங்கே விழாது, ஒட்டிக்கொள்ளும். காந்தத்தால் சுழலும் மோட்டாரும் அங்கே வலுவிழக்கும். நிலைமின்சாரத்தால் இயங்குவதே நன்று. எரிக் டிரெக்ஸ்லர் 1992-இல் வெளியிட்ட நானோசிஸ்டம்ஸ் என்னும் நூல் இந்த அளவை விதிகளில்தான் தொடங்குகிறது. அந்நூலின் தொடக்கப் பகுதியைக் கடக்கவே எங்களுக்கு நான்கு திங்களாயின. நடுவில் நுண்கணிதம் மறந்துபோனவர் இருவர். அவர்களுக்குச் சான்றிதழ்ப் பிள்ளையே ஆசிரியனானான்.

அடுத்தது வெப்பம். அங்கே எப்பொருளும் அசையாது நிற்பதில்லை. சுற்றியுள்ள மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொண்டேயிருக்கின்றன. இதைக் கண்ணால் காண, இலவசமாகக் கிடைக்கும் குரோமாக்ஸ் என்னும் கணினி நிரலில் சில ஆயிரம் நீர் மூலக்கூறுகளைப் பெட்டிக்குள் இட்டு இரவு முழுதும் ஓடவிட்டோம். ஒரு நானோநொடி நிகழ்ச்சிக்கு ஐந்து லட்சம் முறை கணக்கிட வேண்டும். காலையில் திரையில் கண்ட கொந்தளிப்பு, ஊதுலை வாயில் முப்பதாண்டு நின்றவரையும் அயர வைத்தது. அது கொதிநீரன்று; அறையிலுள்ள குடத்து நீர்!

இக்கொந்தளிப்பின் நடுவே இயந்திரம் ஓடுமா என்று ஐயுற வேண்டா. நம் உடலுக்குள் ஓடுகிறது. ஏ.டி.பி. சிந்தேஸ் என்னும் புரதம் உண்மையாகவே தண்டு சுழலும் மோட்டார். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதன் தண்டில் ஒளிரும் இழை ஒன்றைப் பிணைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் பார்த்தனர். ரைபோசோம் இன்னும் வியப்பு. ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள அத்தொழிற்கூடம், பாக்டீரியாவில் நொடிக்குப் பதினைந்து இருபது அமினோ அமிலங்களை ஆணைப்படி கோத்துப் புரதம் செய்கிறது.

இங்கே நம்மையொத்த குடும்பம் ஒன்றை நினைவுகூர வேண்டும். வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தவர். அங்கே 1971-இல் இயற்பியலில் பட்டம் பெற்றார். 1976-இல் அமெரிக்காவில் இயற்பியலிலேயே முனைவரானார். அதன் பின், பிறர் வேலை தேடும் பருவத்தில், உயிரியல் கற்க மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். 2000-ஆம் ஆண்டில் அவர் குழுவினர் ரைபோசோமின் சிறு பகுதியின் அணு அமைப்பைத் தெளிவுபடுத்தினர்; 2009-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றார். படித்தது இயற்பியல், ஆராய்ந்தது உயிரியல், பரிசு வேதியியலில். இத்துறையில் எந்தப் பாடம் படிக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு இதைவிடத் தெளிவான விடை எங்களிடம் இல்லை.

உயிர் செய்வதை மனிதன் தன் விருப்பப்படி, வைரம் போன்ற உறுதியான பொருளைக் கொண்டு செய்யலாம் என்பது டிரெக்ஸ்லரின் வாதம். பொருள் உறுதியாக இருப்பின் வெப்பக் குலுக்கலால் அணு இடம் பிறழ்வது குறையும். 1996-இல் நோபெல் பரிசு பெற்ற வேதியியலார் ரிச்சர்டு ஸ்மாலி இதை மறுத்தார். அணுவைப் பிடிக்கும் விரலும் அணுக்களாலானதே. ஆகையால் அது பருமனாகவும் இருக்கும், பிடித்ததை விடாமல் ஒட்டவும் செய்யும் என்றார். ரைபோசோமுக்கு விரல் ஏது என்று டிரெக்ஸ்லர் வினவினார். சரி, ஆனால் அத்தகைய உயிர்வேதியியல் நீரில் நடப்பது. அதைக் கொண்டு சிலிக்கனும் உருக்கும் எவ்வாறு செய்வீர் என்று ஸ்மாலி 2003-இல் திருப்பிக் கேட்டார். உருக்கு என்ற சொல் வந்ததும் எங்கள் அறையில் எழுந்த ஆரவாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று ஞாயிறுகள் வழக்காடினோம். டிரெக்ஸ்லரின் கணக்கில் விதிமீறல் எதையும் எங்களால் காட்ட முடியவில்லை. ஆயின் அவர் வரைந்த பொது நோக்குத் தொகுப்பியை இன்றளவும் எவரும் செய்து காட்டவில்லை என்பதும் மெய். விதி தடுக்கவில்லை என்பது வேறு, வழி தெரியும் என்பது வேறு. விளம்பரப் பலகைகள் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

வழி தேடுவோர் வேறு திசைகளில் முன்னேறியிருக்கின்றனர். ஒளிபட்டால் சுழலும் மூலக்கூறு மோட்டாரை 1999-இல் பென் பெரிங்கா குழுவினர் ஆக்கினர். மூலக்கூறு இயந்திரங்களுக்காக அவரும் சொவாழும் ஸ்டோடர்ட்டும் 2016-இல் நோபெல் பெற்றனர். டி.என்.ஏ. இழையை மடித்து வேண்டிய வடிவம் செய்யும் முறையை 2006-இல் பால் ரோதமண்ட் வெளியிட்டார்.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். இத்துறைக்கு ஆறு திங்கள் குறுக்குவழி கிடையாது. நுண்கணிதம், எந்திரவியல், புள்ளியியல் சார்ந்த வெப்ப இயற்பியல், வேதிப்பிணைப்பு, உயிர்வேதியியல் ஆகிய ஐந்தும் வேண்டும். இவற்றுக்கான ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் விரிவுரைகள் என்.பி.டெல். திட்டத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. நாங்கள் கேட்டவையும் அவையே.

தந்தையின் கடன் இன்னும் தீரவில்லை. மகன் இவ்வாண்டு இளநிலை இயற்பியலில் சேர்ந்திருக்கிறான். அவனை விட வயது குறைந்தோர் உடன் அமர்ந்திருப்பதும், உறவினர் "வேலை எப்போது?" என்று கேட்பதும் அவனுக்கும் வருத்தமே; தாயாருக்கு அதைவிட வருத்தம். நாங்கள் அவர்களுக்கு உறுதி எதுவும் கூறவில்லை. கூறும் தகுதியும் எங்களுக்கு இல்லை.

வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு வெப்பத்தால் அணு எவ்வளவு இடம் பிறழும் என்னும் அதிகாரத்தைத் தொடங்குகிறோம். வர விரும்புவோர் குறிப்பேடு ஒன்று கொண்டு வருக, தேநீர் உண்டு. நாடகக் குழுவினர் திரைக்குப் பின்னின்று கையசைக்கின்றனர்.