விலை உயர்ந்தவை எல்லாம் பெறுமதி உயர்ந்தவையா?

புகழனைத்தும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருக்குர்ஆனில் ஸூரத்துல் கஹ்ப் என்னும் அத்தியாயத்தை வெள்ளிக்கிழமைகளில் ஓதி வருகின்றோம். அதில் குகைவாசிகளான இளைஞர்களின் வரலாறு வருகின்றது. நீண்ட உறக்கத்தின் பின் விழித்தெழுந்த அவ்விளைஞர்கள், தம்மில் ஒருவரிடம் ஒரு வெள்ளி நாணயத்தைக் கொடுத்து நகரத்துக்கு உணவு வாங்க அனுப்புகின்றனர். அப்போது அவர்கள் அவருக்குக் கூறும் அறிவுரையை 19ஆம் வசனம் எடுத்துரைக்கின்றது. 'அஸ்கா' ஆன உணவு எதுவெனப் பார்த்து வாங்கி வரவேண்டும் என்பதே அந்த அறிவுரை.

இச்சொல்லுக்குத் தப்ஸீர் ஆசிரியர்கள் தந்துள்ள விளக்கங்கள் சிந்தனைக்குரியவை. ஹலாலான உணவு என்று சிலர் விளக்கினர். தூய்மையானது, சிறந்தது என்று வேறு சிலர் விளக்கினர். தாராளமாகக் கிடைப்பது என்றும், விலை மலிவானது என்றும் கூட விளக்கங்கள் உள்ளன. ஒரு சொல்லுக்குள் ஹலால், தூய்மை, தரம், தாராளம், மலிவு ஆகிய ஐந்து அளவுகோல்களையும் நம் முன்னோர்கள் கண்டிருக்கின்றார்கள். பணப்பையுடன் சந்தைக்குச் செல்லும் ஒரு முஸ்லிமுக்கு இதைவிடச் சிறந்த வழிகாட்டல் வேறு என்ன வேண்டும்?

நேயர்களே! இன்று நம் நகரங்களில் குளிரூட்டப்பட்ட சுப்பர் மார்க்கட்டுகள் நிறைந்துள்ளன. அவற்றினுள்ளே சாதாரணப் பொருட்களுக்கு அருகிலேயே அதே பொருளின் 'உயர்தர' வகையும் அழகிய பொதியில் இருக்கின்றது. கழுவி நறுக்கிய மரக்கறி, இறக்குமதி செய்யப்பட்ட பழங்கள், வெளிநாட்டுக் காலையுணவுத் தானியங்கள், பளபளக்கும் பெட்டியில் பேரீச்சம்பழம் என அவை பலவகைப்படும். கூடுதல் விலை கொடுத்து இவற்றை வாங்குவது ஒரு குடும்பத்துக்குப் பெறுமதியான செயலா, அல்லது வீண்விரயமா? இக்கேள்வியையே இன்றைய உரையில் ஆராய விரும்புகின்றேன்.

முதலாவதாக ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். நல்ல உணவை வாங்குவது பாவமன்று. உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் விரயம் செய்யாதீர்கள் என்பதே ஸூரத்துல் அஃராப் 31ஆம் வசனத்தின் கருத்தாகும். உண்பதற்கான அனுமதியும் விரயத்துக்கான தடையும் ஒரே வசனத்தில் இணைந்துள்ளன. ஒரு மனிதன் செலவிடும் பொற்காசுகளுள் தன் குடும்பத்துக்காகச் செலவிடும் காசே நற்கூலியில் மேலானது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை இமாம் முஸ்லிம் (றஹ்) பதிவு செய்துள்ளார்கள். ஆகவே, பிள்ளைகளின் வயிற்றை வாட்டிப் பணம் சேர்ப்பவர் தம்மைச் சிக்கனவாதி என்று எண்ணிக்கொள்ளக் கூடாது.

ஹின்த் பின்த் உத்பா (ரழி) அவர்கள், தம் கணவர் போதியளவு செலவுக்குத் தருவதில்லை என நபியவர்களிடம் முறையிட்டார்கள். தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான முறையில் கணவரின் பணத்திலிருந்து எடுத்துக்கொள்ள நபியவர்கள் அனுமதித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெறும் இச்சம்பவத்தில் இரண்டு எல்லைகள் உள்ளன. ஒன்று 'போதுமானது', மற்றையது 'நியாயமான முறை'. குடும்பத்தின் செலவு இவ்விரண்டுக்கும் இடையில் அமைய வேண்டும்.

இஸ்லாமியச் சட்டவியல் அறிஞர்களான இமாம் கஸ்ஸாலி, இமாம் ஷாதிபி (றஹ்) போன்றோர் மனித நலன்களை மூன்று படித்தரங்களாக வகுத்தனர். உயிர் வாழ இன்றியமையாதவை ழரூரிய்யாத். சிரமத்தை நீக்குபவை ஹாஜிய்யாத். வாழ்வை அழகுபடுத்துபவை தஹ்ஸீனிய்யாத். அரிசி, பருப்பு, மீன், கீரை, குழந்தைக்குப் பால் என்பன முதற் படியைச் சேர்ந்தவை. வேலைக்குச் செல்லும் தாய்க்கு நேரத்தை மீதப்படுத்தித் தரும் பொருட்கள் இரண்டாம் படியில் அடங்கலாம். பெட்டியின் அழகும் பெயரின் கவர்ச்சியும் மூன்றாம் படியையே சேரும். மூன்றாம் படியை அனுபவிப்பது கூடும். ஆனால் அதற்காக முதற் படியைக் குறைப்பதும், அதற்காகக் கடன்படுவதும் அறிவுடைமையன்று.

இனி, கூடுதல் விலை எங்கே பெறுமதியுடையது, எங்கே பெறுமதியற்றது என்பதைப் பார்ப்போம். நான் கூறும் விலைகள் கணக்கை விளக்குவதற்கான உதாரணங்களே என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

மீனை எடுத்துக்கொள்வோம். ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த மீன் கிலோ 1000 ரூபா. முறையாகக் குளிரூட்டி வைக்கப்பட்ட அதே மீன் 1200 ரூபா. மலிவானதை வாங்கி வந்து காற்பங்கைக் கெட்டுப்போனது என வீசினால், உண்ணக் கிடைத்தது 750 கிராம் மட்டுமே. அவ்வாறாயின் உண்மையில் நீங்கள் கொடுத்த விலை கிலோவுக்கு ஏறத்தாழ 1333 ரூபா. நோய் வந்தால் மருந்துச் செலவு வேறு. இங்கே கூடுதல் விலை கொடுப்பதே சிக்கனமாகும். கோழி இறைச்சியும் இத்தகையதே. அறுக்கப்பட்ட முறையில் ஐயமற்ற இடத்தில், சுத்தமாகப் பேணப்பட்டதை வாங்குவதற்காகச் சில ரூபாக்களைக் கூடுதலாகக் கொடுப்பது மார்க்கத்துக்கும் உடலுக்கும் பாதுகாப்பாகும்.

இப்போது பருப்பை எடுத்துக்கொள்வோம். அழகிய பொதியில் 400 கிராம் 200 ரூபா. அதாவது கிலோ 500 ரூபா. கடையில் நிறுத்துத் தரும் அதே மைசூர்ப் பருப்பு கிலோ 320 ரூபா. கல்லும் தூசியும் இன்றி இருக்குமாயின், இரண்டும் அடுப்பில் ஏறியபின் ஒன்றுதான். மாதம் நான்கு கிலோ பருப்புச் சமைக்கும் வீட்டில் இதனால் மட்டும் 720 ரூபா வெளியேறுகின்றது. இவ்வாறு பத்துப் பொருட்கள் இருந்தால் மாதம் 7200 ரூபா. அது ஒரு பிள்ளையின் மேலதிக வகுப்புக் கட்டணமாக இருந்திருக்கலாம்; ஒரு விதவையின் வீட்டுக்கு அரிசியாகச் சென்றிருக்கலாம்.

சத்துக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாக நாம் எண்ணுகின்றோம். இதுவும் ஒரு மயக்கமே. நம் தோட்டத்துக் கொய்யாவில் இறக்குமதி ஆப்பிளை விடப் பல மடங்கு வைட்டமின் 'சி' உண்டு. முள்ளோடு உண்ணப்படும் நெத்தலி எலும்புக்குத் தேவையான கல்சியத்தைத் தருகின்றது. வேலியில் வளரும் முருங்கையிலை, சந்தையில் ஒரு கட்டாக விற்கப்படும் வல்லாரை, பொன்னாங்காணி, அவித்த பயறு, குரக்கன் பிட்டு ஆகியவற்றை ஏழ்மையின் உணவு என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தது யார்? மண்ணிறச் சீனி விலை கூடியது என்பதற்காக அது நோயைத் தடுக்கப் போவதில்லை, அதுவும் சீனியே. மென்பான போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறியீடு 2016ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சிவப்பு வட்டத்தைப் பார்க்கப் பிள்ளைகளுக்குப் பழக்குவது பெற்றோரின் பொறுப்பாகும்.

அன்பிற்குரியவர்களே! ஒருநாள் ஜும்ஆவுக்குப் பின்னர் முச்சக்கரவண்டி ஓட்டும் ஒரு தந்தை என்னிடம் வந்தார். "ஹஸ்ரத், என் மகன் பாடசாலைக்கு அவித்த கடலை கொண்டுபோக வெட்கப்படுகின்றான். மற்றப் பிள்ளைகள் கொண்டுவரும் வெளிநாட்டு பிஸ்கட்டும் தானியமும் தனக்கும் வேண்டும் என்கின்றான். மறுக்க மனமில்லை. கடன் அட்டையில் வாங்கி வாங்கி இப்போது வட்டிக்கு மேல் வட்டி கட்டுகின்றேன்" என்றார். சொல்லும்போதே அவருடைய குரல் கம்மியது.

அவர் பிள்ளைப் பாசம் இல்லாதவர் அல்லர், பாசத்தினாலேயே அகப்பட்டவர். மகனை ஏசவேண்டாம் என்றேன். ஓர் இரவு அவனை அருகில் அமர்த்தி, அன்றைய உழைப்பு எவ்வளவு, எரிபொருளுக்கு எவ்வளவு, வீட்டு வாடகைக்கு எவ்வளவு என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுங்கள் என்றேன். முதலில் வட்டிக் கடனை அடையுங்கள். அதுவரை அந்த அட்டையை வீட்டை விட்டு எடுத்துச் செல்லாதீர்கள் என்றேன். ஹலாலான பொருளாயினும், வட்டியோடு வீட்டுக்குள் நுழையும்போது அங்கே பரக்கத் எவ்வாறு தங்கும்?

இளைஞர்களே! உங்களிடம் ஒரு வார்த்தை. வாப்பா கொண்டுவரும் பையின் மேல் எந்தக் கடையின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது என்று பார்க்காதீர்கள். அதைச் சுமந்து வந்த கையைப் பாருங்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க உங்கள் நண்பன் தயங்கினால், உங்கள் பெட்டியை அவன் பக்கம் நகர்த்துங்கள். இருவரின் உணவு மூவருக்குப் போதுமானது என்பது நம் நபியின் போதனையன்றோ!

2022ஆம் ஆண்டை நாம் மறந்துவிடலாகாது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்குள் உணவின் விலை ஏறத்தாழ இரு மடங்காகியது. பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலம் அது. அந்நாட்களில் கொப்பியில் எழுதிக்கொண்டு வட்டியின்றிச் சாமான் தந்தவர் தெருமுனைக் கடைக்காரரே. கையில் காசு உள்ளபோது ஒளிவீசும் கடைக்கும், காசு இல்லாதபோது அவரிடமும் செல்வது நன்றியுடைமையாகுமா? வாங்கும் சாமானில் ஒரு பகுதியையேனும் அவரிடம் வாங்குவோம்; அவரது கொப்பிக் கணக்கையும் தவணை தவறாது அடைப்போம்.

அதேவேளை, சிறுகடை வைத்திருக்கும் சகோதரர்களும் சிந்திக்க வேண்டும். மக்கள் ஏன் சுப்பர் மார்க்கட்டை நாடுகின்றனர்? அங்கே விலை எழுதப்பட்டிருக்கின்றது, திகதி தெரிகின்றது, பற்றுச்சீட்டு கிடைக்கின்றது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், விலையைக் காட்சிப்படுத்துவதையும், கேட்டால் பற்றுச்சீட்டு வழங்குவதையும் எல்லா வியாபாரிகளுக்கும் கடமையாக்கியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே இருந்த ஈரத்தைக் கண்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள். ஸூரத்துல் முதப்பிபீன் அளவையில் குறைப்போருக்குக் கேடு உண்டென்று தொடங்குகின்றது. நம் தராசு நேராக இருந்தால் நம் வாடிக்கையாளர் ஏன் விலகிச் செல்கிறார்?

விரயத்தின் மற்றொரு முகம் குப்பைத் தொட்டியில் இருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 105 கோடி தொன் உணவு வீணாகியது. அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்தே சென்றது. கீழே விழுந்த கவளத்தையும் தூசி அகற்றி உண்ணுமாறு போதித்த நபியின் உம்மத்தினர் நாம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதற்காக இரண்டு வாங்கி, ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் அழுகவிட்டால், அங்கே இலவசம் எதுவுமில்லை. மலிவான பொருளை வீசினாலும் விரயம் விரயமே. விலையுயர்ந்த பொருளைக் கடைசித் துளிவரை பயன்படுத்தினால் அது விரயமாகாது.

நேயர்களே! நடைமுறையில் நாம் செய்யக்கூடியவை சில உள்ளன. சாமான் வாங்கச் செல்லுமுன் வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பட்டியல் எழுதுங்கள். பொதியின் விலையைப் பார்க்காமல் 100 கிராமின் விலையைக் கணக்கிடுங்கள். இக்கணக்கைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். காலாவதித் திகதியையும் ஹலால் விபரத்தையும் பாருங்கள். மீன், இறைச்சி, பால் ஆகியவற்றில் சுத்தத்துக்கு முதலிடம் கொடுங்கள்; பருப்பு, அரிசி, உப்பு, சீனி ஆகியவற்றில் பொதியின் அழகுக்குப் பணம் கொடாதீர்கள். பசியோடு கடைக்குச் செல்லாதீர்கள். மாத முடிவில் மீதமாகும் தொகையில் ஒரு பங்கை ஸதகாவுக்கென ஒதுக்குங்கள். கறி சமைத்தால் தண்ணீரைச் சற்றுக் கூட்டியேனும் அண்டை வீட்டாருக்குக் கொடுக்குமாறு அபூதர் (ரழி) அவர்களுக்கு நபியவர்கள் உபதேசித்ததை மறவாதீர்கள்.

ஸூரத்துல் இஸ்ராவின் 29ஆம் வசனம், கையைக் கழுத்தோடு கட்டிக்கொள்வதையும் முற்றாக விரித்துவிடுவதையும் ஒருங்கே தடுக்கின்றது. ரஹ்மானின் அடியார்கள் விரயமும் செய்யார், கஞ்சத்தனமும் செய்யார். இரண்டுக்கும் நடுவே நிற்பர் என ஸூரத்துல் புர்கானின் 67ஆம் வசனம் அறிவிக்கின்றது. செல்வத்தை எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என்ற இரு கேள்விகளும் மறுமையில் நம்மை எதிர்நோக்கியுள்ளன. முதற் கேள்விக்காக வியர்வை சிந்தும் நாம், இரண்டாம் கேள்வியைக் கடையின் வாசலிலேயே மறந்துவிடக் கூடாது.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் உழைப்பை ஹலாலாக்கி, நம் உணவில் பரக்கத் செய்து, நம் பிள்ளைகளைப் போதுமென்ற மனம் படைத்தோராக ஆக்கியருள்வானாக! ஆமீன்.