துடுப்புப் பிடிக்க வாரீர்!

(மாசாயில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியவன் ஆற்றைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ணாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் குடும்பத்தோடு மாசாய் ஆற்றில் சம்பான் ஓட்டுவது என்ற யோசனை உங்கள் முன் இருக்கிறது. அது பணக்காரர்களின் கிளப்பு விளையாட்டு, நமக்கு எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லவே எழுந்தேன்.

பால் வெட்டு எப்படிப்பட்ட வேலை? விடியுமுன் பெரட்டுக்கு நின்று, அவரவர் நிரையில் அவரவர் நுழைகிறோம். பக்கத்து நிரைக்காரர் இருமினால்தான் அங்கே ஆள் இருப்பதே தெரியும். வேலை நம்மைப் பிரித்தது. லயம் சேர்த்து வைத்தது. ஒரே குழாயடி, ஒரே கோயில், ஒரே திடல். (ஒரே கள்ளுக்கடை என்று பின்னாலிருந்து ஒரு தோழர் நினைவூட்டுகிறார். அதையும் சேர்த்துக்கொள்கிறேன்!)

இன்று அந்த லயங்கள் எங்கே? 1977-ல் பாசிர் கூடாங்கில் துறைமுகம் வந்தது. தொழிற்சாலைகள் வந்தன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நின்றது. செம்பனை நின்ற இடத்தில் தாமான்கள் எழுந்தன. நாம் அடுக்குமாடிகளுக்குச் சிதறினோம். மேல்மாடியில் சாவு விழுந்தால் கீழ்மாடிக்கு மறுநாள் தெரிகிறது. தோட்டங்களில் வேலை செய்வோரில் பலர் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்த தோழர்கள். அவர்கள் பெயரையாவது நாம் கேட்டதுண்டா? முகம் தெரியாதவர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சங்கம் நடத்துவது?

நம் மலையாளத் தோழர்களைக் கேளுங்கள். 1952-ல் பண்டித நேரு வந்தபோது நடந்த படகோட்டத்திலிருந்து பிறந்ததுதான் ஆலப்புழை நேரு கோப்பைப் பந்தயம். ஒரு சுண்டன் வள்ளத்தில் நூறு பேர்போல உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். படகு தனி ஆளுக்குரியதல்ல, ஊருக்கே உரியது. பாட்டின் தாளத்துக்கு எல்லாத் துடுப்பும் ஒன்றாக விழ வேண்டும். நிரையில் கெட்டிக்காரன் மற்றவனைவிட அதிகம் பால் எடுக்கலாம். படகில் ஒருவன் முந்திப் போட்டால் எல்லோருக்கும் தடுமாற்றம்தான்.

நமக்குச் சுண்டன் வேண்டாம், சம்பான் போதும். கற்றுக்கொடுக்க ஆளும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆறு கடலில் சேரும் கம்போங் குவாலா மாசாயில் ஓராங் செலேத்தார் மக்கள் வாழ்கிறார்கள். படகையே வீடாகக் கொண்டு இந்த நீரிணையில் வாழ்ந்தவர்களின் வழிவந்தவர்கள். வளர்ச்சி என்ற பெயரில் இடம் இழந்ததில் அவர்களும் நம்மைப் போலத்தான். ஆனால் அவர்களில் பாக்கார் பத்து மக்கள் வழக்காடி, 2017-ல் ஜோகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் தங்கள் பாரம்பரிய நில உரிமைக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்கள். நாம் அவர்களிடம் கற்க வேண்டியது துடுப்பு மட்டுமல்ல! அவர்களை இலவசமாக வரச் சொல்லக் கூடாது. கூலி கேட்கும் சங்கம் கூலி கொடுக்காமல் வேலை வாங்கலாமா?

தண்ணீர்ப் பயம் நியாயமானது. ஆற்றுப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளை அதட்டி வளர்த்தவர்கள் நாம். ஆகவே, தலைக்கொரு மிதவைச் சட்டை இல்லாமல் ஒருவரும் ஏறக்கூடாது. குவாலாவில் புறப்பட்டு, ஏற்றத் தண்ணீரோடு உள்ளே போய், வற்றத்தோடு திரும்புவோம். ஆற்று வாயைத் தாண்டக் கூடாது. அங்கே பெரிய கப்பல்களின் வழி.

தண்ணீரில் நஞ்சிருந்தால் என்று ஒரு தாய் கேட்டார். 2019 மார்ச்சில் நம் பக்கத்துக் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறினார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தத் தாயின் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. கெட்ட வாடை அடித்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை, புகார்தான். ஆனால் ஆள் நடமாட்டம் இல்லாத ஆறு என்றால் கொட்டுகிறவனுக்கு இன்னும் துணிச்சல் வரும் என்பதையும் யோசியுங்கள்.

இன்னும் இரண்டு சங்கதிகள். யார் எந்தப் படகு என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்போம். எங்கள் தோட்டத்தார் ஒரு படகு, எங்கள் ஆட்கள் ஒரு படகு என்று யாரும் வரவேண்டாம். சாதி பார்த்து லயத்தில் வீடு ஒதுக்கிய காலத்தைத் தண்ணீரிலும் கொண்டுவர முடியாது. புதிய தோழர்கள் பெயரும் அதே சீட்டில் இருக்கும்.

அடுத்தது, தாய்மார்கள் கரையில் சோறாக்க, ஆண்கள் படகோட்டுவது என்று யாராவது நினைத்திருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள். முதல் ஓட்டம் பெண்களுடையது. அந்த நேரத்தில் அடுப்படியில் ஆண்கள் நிற்பார்கள். உப்பு கூடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்ற வற்ற அட்டவணையைப் பார்த்து, காலையில் தண்ணீர் ஏறும் ஞாயிறாகக் காரியதரிசி குறித்துச் சொல்வார். இங்கே வாசலில் நோட்டுப் புத்தகம் இருக்கிறது. பெயர், வயது, நீந்தத் தெரியுமா தெரியாதா என்பதை எழுதிவிட்டுப் போங்கள். தெரியாது என்று எழுத வெட்கப்பட வேண்டாம். முதல் வரியில் என் பெயர் அப்படித்தான் இருக்கிறது.