கொல்லைப்புறத்திலிருந்து சுங்கை மூடா வரை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில், இப்பள்ளியின் முன்னாள் மாணவியும் ஓய்வு பெற்ற தாதியுமான ஒருவர் ஆற்றிய உரை)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைத் தலைமையாசிரியர் என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டார். நான் கத்தரிச் செடியையும் வெண்டிச் செடியையும் பற்றிப் பேசப் போகிறேன். "இந்தத் தாதியம்மா ஓய்வு பெற்ற பிறகு காய்கறி வியாபாரம் தொடங்கிவிட்டாரோ?" என்று நினைத்துவிடாதீர்கள். நம் வீட்டுக் கொல்லைக்கும், இந்தப் பள்ளிக்குப் பின்னால் ஓடுகிற ஓடைக்கும், நம் பிள்ளைகளின் உடம்புக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது கோலக் கெத்தில் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். அந்த ஓடையில்தான் குளித்தோம், துணி துவைத்தோம், விரால் பிடித்தோம். என் அம்மா வெளிக்காட்டு வேலை செய்தவர். முதுகில் மருந்துப் பம்பைக் கட்டிக்கொண்டு, பால் மரங்களுக்கு நடுவே புல்லுக்கு மருந்து அடிப்பார். கையுறை கிடையாது, முகத்துக்கு ஒரு பழைய துண்டு. மாலையில் வந்தால் விரல் நகமெல்லாம் கறுத்திருக்கும். சில நாள் மூக்கில் இரத்தம் வரும். "வெயிலு" என்று சொல்லித் துடைத்துக்கொள்வார். வேலை முடிந்து பம்பைக் கழுவ வேறு இடம் இல்லை. எல்லாரும் ஓடையில்தான் கழுவினார்கள்.

ஒரு நாள் காலையில் ஓடையில் மீன்கள் மல்லாந்து மிதந்தன. எனக்கு அப்போது எட்டு வயது. எனக்கு ஒரே சந்தோஷம். பாவாடையை ஏந்திப் பொறுக்கிக்கொண்டு, "அம்மா, இன்னிக்கு மீன் கொழம்பு!" என்று ஓடினேன். அம்மா பார்த்தார். பாவாடையோடு பிடித்து உதறினார். "தொடாதடி, தூக்கிப் போடு!" என்று கத்தினார். பிறகு என் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அவர் கை நடுங்கியது. முதல் நாள் பம்பு கழுவியவர்களில் அவரும் ஒருவர். அது என்ன மருந்து என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. தகரத்தின் மேல் எழுதியிருந்ததைப் படிக்கவும் அவருக்குத் தெரியாது.

பெரியோர்களே! அந்த நாளில் என்ன மருந்து, எவ்வளவு, எங்கே என்ற தீர்மானம் நம் தாய்மார்கள் கையில் இல்லை. புல்லுக்கு அடித்த பாராகுவாட் என்ற மருந்துக்கு மாற்று மருந்தே கிடையாது. அது வயிற்றுக்குள் போனவர்களை மருத்துவமனையில் வைத்துக்கொண்டு நாங்கள் கையைப் பிசைந்து நின்றிருக்கிறோம். நம் நாட்டில் 2002-இல் அதற்குத் தடை அறிவித்தார்கள், 2006-இல் தளர்த்தினார்கள், கடைசியில் 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் அது முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இடையில் எத்தனை தாய்மார்கள் அதைச் சுமந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் இன்று நம் வீட்டுக் கொல்லைக்கு மண்டோர் கிடையாது. அங்கே தீர்மானம் நம் கையில். அப்படியிருந்தும் நாம் என்ன செய்கிறோம்? கத்தரியில் இரண்டு புழுவைப் பார்த்தவுடன் கடைக்கு ஓடுகிறோம். ஒரு மூடி போடச் சொன்னால், "சும்மா இருக்கட்டும்" என்று மூன்று மூடி ஊற்றுகிறோம். அடித்து முடித்த மிச்சத்தை வீட்டு முன்னால் இருக்கிற கால்வாயில் கவிழ்க்கிறோம். அன்று வேறு வழியில்லாமல் செய்ததை இன்று நாமாகவே செய்கிறோம். இதுதான் என் வருத்தம்.

மாணவச் செல்வங்களே, அந்தக் கால்வாய் எங்கே போகிறது? ஓடைக்கு. ஓடை சுங்கை கெத்திலுக்கு. சுங்கை கெத்தில் சுங்கை மூடாவில் சேருகிறது. சுங்கை மூடா கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடிக் கடலில் விழுகிறது. விழுவதற்கு முன்னால் அதிலிருந்துதான் பினாங்கு மாநிலம் தன் குழாய்த் தண்ணீரில் பெரும் பகுதியை எடுக்கிறது. கெடா மக்களும் அதைக் குடிக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறதே என்பீர்கள். அது முக்கியமாகச் சேற்றையும் கிருமியையும் போக்க அமைந்தது. தண்ணீரில் கரைந்த மருந்தெல்லாம் அங்கே நின்றுவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நாம் ஊற்றுகிற மூடி பட்டர்வொர்த்தில் இருக்கிற அத்தை வீட்டுக் குவளை வரைக்கும் பயணம் போகிறது.

நம் ஊர் மழையைச் சொல்லவே வேண்டாம். தீபகற்பத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 2,500 மில்லிமீட்டர் பெய்கிறது. மத்தியானம் மருந்து அடித்தால் சாயங்காலம் மழை. இலையில் இருந்தது கால்வாயில்.

இன்னொன்று. கடையில் விற்கிற பல பூச்சி மருந்துகள் 'பைரித்ராய்டு' என்ற வகையைச் சேர்ந்தவை. கொசுவுக்கு அடிக்கிற டப்பாவிலும் அந்த வகைதான் பெரும்பாலும் இருக்கும். அவை மனிதருக்கு அவ்வளவு கடுமையானவை அல்ல. ஆகவே பயமில்லை என்று நினைக்கிறோம். ஆனால் மீனுக்கும், தலைப்பிரட்டைக்கும், தண்ணீர்ப் பூச்சிகளுக்கும் அவை எமன். மிகச் சிறிதளவே போதும். தும்பி இருக்கிறதே, அதன் குஞ்சு தண்ணீருக்குள் வாழ்ந்து கொசுப் புழுவைத் தின்கிறது. தும்பியையும் மீனையும் தவளையையும் நாமே கொன்றுவிட்டு, கொசு பெருகிவிட்டது, டிங்கி வந்துவிட்டது என்று மருத்துவமனையில் வரிசை பிடித்தால் யார் குற்றம்?

சரி, புழு வந்தால் என்ன செய்வது, பார்த்துக்கொண்டு நிற்பதா என்று பெற்றோர்கள் கேட்பது நியாயம். என் கொல்லையில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

முதலாவது, தினமும் காலையில் ஐந்து நிமிடம் செடியைப் பாருங்கள், இலையின் அடிப்பக்கத்தையும் திருப்பி. அசுவினியும் மாவுப்பூச்சியும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஆரம்பத்தில் என்றால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே உதிர்ந்துவிடும். கத்தரியில் நுனித் தண்டு வாடித் தொங்கினால் உள்ளே புழு இருக்கிறது. அந்தத் தண்டை வெட்டி, நெகிழிப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். பாகற்பிஞ்சைப் பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாளில் சுற்றிவிடுங்கள். பழ ஈ முட்டையிட முடியாது. பத்திரிகையும் இரண்டு முறை பயன்பட்டது போலாகும். நத்தையை இரவில் டார்ச் விளக்குடன் பொறுக்குங்கள். ஆனால் வெறுங்கையால் தொடாதீர்கள். மனித மூளையைத் தாக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழு நத்தையில் இருக்கலாம்.

இரண்டாவது, நண்பன் யார், பகைவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டும் அதன் குஞ்சும் அசுவினியைத் தின்னும். சிலந்தி, தவளை, ஓணான் எல்லாம் சம்பளம் வாங்காத காவல்காரர்கள். கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது இவர்கள்தாம். புழுவோ மறுபடியும் சீக்கிரம் வந்துவிடும், இந்த முறை காவல் இல்லாமல். எறும்பு மட்டும் கொஞ்சம் தந்திரசாலி. மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக, நாம் மாடு மேய்ப்பது போல் அதை மேய்க்கும். எறும்புப் புற்றில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் போதும். செடியின் வேரில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அப்படியும் அடங்கவில்லையா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், அதைக் கரைக்க அரைத் தேக்கரண்டி பாத்திரம் கழுவுகிற சோப்பு. முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகவில்லையென்றால் மற்றவற்றுக்கும் தெளிக்கலாம். வெயில் தாழ்ந்து, தேனீ கூட்டுக்குப் போன பிறகு, மழை வராத நாளில் தெளியுங்கள். தேவையான அளவு மட்டும் கலக்குங்கள். வேப்பெண்ணெய்தானே என்று மிச்சத்தைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். அதுவும் தண்ணீர் உயிர்களுக்கு ஆகாது. செடி அடி மண்ணில் ஊற்றுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய காலத்து ஆட்கள் புகையிலையை ஊறவைத்து அடிப்பார்கள். இயற்கையானதுதானே என்று யாரும் செய்ய வேண்டாம். புகையிலையில் இருக்கிற நிக்கோட்டின் கடுமையான விஷம். தோல் வழியாகவே உடம்பில் ஏறும். மிளகாய்ச் செடிக்கு நோயும் தொற்றலாம். இயற்கை என்பதற்காக எல்லாம் நல்லது ஆகிவிடாது.

நான்காவது, உரம். யூரியாவை அள்ளிப் போட்டால் செடி தளதளவென்று வளரும். அந்த இளந்தளிரைத் தேடி அசுவினி வரும். மிச்ச உரம் மழையில் ஓடைக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். பாசி பெருகினால் இரவில் தண்ணீரில் பிராணவாயு குறைந்து மீன் மூச்சுத் திணறும். பச்சைக் கோழி எருவும் அப்படித்தான். நன்றாக மக்கிய பிறகே போட வேண்டும். சமையலறைக் காய்கறிக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு மூன்று பங்கு என்று மாற்றி மாற்றிக் குவித்து, வாரம் ஒரு முறை கிளறிவிடுங்கள். சில மாதத்தில் கறுப்புத் தங்கம் கிடைக்கும். செடியடியில் காய்ந்த இலையைப் பரப்பினால் மழை மண்ணை அரிக்காது, களையும் குறையும்.

ஐந்தாவது, கால்வாய் ஓரத்திலும் ஓடைக் கரையிலும் புல் மருந்து அடிக்கவே அடிக்காதீர்கள். புல் செத்தால் வேர் செத்தது. வேர் செத்தால் கரை சரிந்தது. மண் விழுந்து ஓடை தூர்ந்தால் அடுத்த பெருமழையில் தண்ணீர் நம் வீட்டுக்குள். புல்லை வெட்டி விடுங்கள். கரையிலிருந்து பத்தடியாவது விட்டுவிட்டுப் பாத்தி கட்டுங்கள். நடுவில் செராயோ வெட்டிவேரோ நட்டால் மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும், செராய் ரசத்துக்கும் ஆகும்.

இன்றும் செம்பனைக் காட்டில் மருந்து அடிக்கிற சகோதர சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி உங்கள் பாதுகாப்பு முதலாளியின் கடமை. கையுறை, முகமூடி, கழுவ இடம் இவற்றைக் கேட்பது பிச்சை அல்ல. பம்பு கழுவிய தண்ணீர் ஓடைக்குப் போகக் கூடாது. காலித் தகரத்தில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கவே வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் குளித்து உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு மூன்று வேலை தருகிறேன். வீட்டில் மருந்துப் போத்தல் இருந்தால் அதன் மேல் எழுதியிருப்பதைப் படித்து, பாட்டிக்கும் அம்மாவுக்கும் தமிழில் சொல்லுங்கள். நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த மருந்தைத்தான் விற்கலாம், 'எல்.ஆர்.எம்.பி.' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எழுத்தே இல்லாத போத்தலை வாங்க விடாதீர்கள். இரண்டாவது, பள்ளித் தோட்டத்தில் ஒரு மக்கு உரக் குழி தொடங்குங்கள். மூன்றாவது, ஆசிரியரோடு ஓடைப் பக்கம் போய், மாதம் ஒரு முறை தும்பிகளை எண்ணி எழுதி வையுங்கள். குறைந்தால் தண்ணீருக்கு என்னவோ ஆகிறது என்று அர்த்தம். என் அம்மாவால் படிக்க முடியாத எழுத்தை நீங்கள் படிக்கிறீர்கள். இந்தப் பள்ளிக்கூடம் உங்களுக்குத் தருகிற பரிசுகளில் பெரியது அதுதான்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடு இருந்தார். என் கொல்லையில் மருந்து வாசனையே வரக் கூடாது என்பார். ஒரு நாள் கத்தரிக்காயை நறுக்கினேன், உள்ளே புழு. முகத்தைச் சுளித்தேன். அம்மா சிரித்துக்கொண்டே அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, மீதியைக் குழம்பில் போட்டார். "புழு தின்ன காயை மனுசன் திங்கலாம்டி. புழுவே தொடாத காயைத்தான் யோசிச்சுத் திங்கணும்" என்றார். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மா சொன்ன பாடத்தை இன்று இந்த மேடையில் ஒப்படைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் கொல்லையைச் சுற்றி ஒரு முறை பாருங்கள். கால்வாயில் எதையாவது ஊற்றப் போகும்போது, ஓடையில் குளிக்கிற பிள்ளை நம் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளுங்கள். பரிசு பெறும் அனைவருக்கும் என் வாழ்த்துகள்.