அடைமொழி அறிவோம்



ஆங்கிலச் சொல்வளம் பெருக்க விழைவோர் அடைமொழிகளிலிருந்து தொடங்குதல் நலம். அச்சிறு சொற்களின் வலிமையை நம் தலைவர்கள் நன்கறிந்திருந்தனர். 1931ஆம் ஆண்டில் வட்டமேசை மாநாட்டிற்கு அளித்த துணை மனுவில், டாக்டர் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் நம் மக்களுக்கு இடப்பட்டிருந்த ‘டிப்ரெஸ்டு’ என்னும் அடைமொழி இழிவு தருவதெனக் கூறி, அதனை மாற்றக் கோரினர். மாற்றாக அவர்கள் முன்வைத்தவற்றுள் ஒன்று ‘நான்-கன்பார்மிஸ்ட்’. முன்னது பிறரால் அழுத்தப்பட்டமையைக் கூறும். பின்னது தாமே இணங்க மறுத்து நிற்பதைக் கூறும். எத்துணை நுட்பமான தேர்வு!

நம் இளைஞர் பலரோ எதனையும் ‘குட்’, ‘பேட்’ என்பர். போதாவிடின் முன்னே ‘வெரி’ சேர்ப்பர். குடிநீர் கோரி மனு எழுதுவதாகக் கொள்வோம். கிணற்று நீர் ‘வெரி பேட்’ என்றால் அதிகாரிக்கு யாது விளங்கும்? கலங்கிய நீர் ‘டர்பிட்’, உவர்நீர் ‘பிராக்கிஷ்’, தேங்கிக் கிடப்பது ‘ஸ்டாக்னன்ட்’. கலங்கலைத் தெளிய வைத்து வடிகட்டலாம். உவர்ப்போ சாதாரணமாக வடிகட்டினால் போகாது, வேறு வழிதான் தேட வேண்டும். சொல் பிழைத்தால் பரிகாரமும் பிழைக்கும்.

சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்தல் வீண். பெயர்ச்சொல்லோடு சேர்த்தே பயில்க. பெருமழைக்கு ‘ஹெவி’, கடுந்தேநீருக்கு ‘ஸ்ட்ராங்’. இடம் மாறினால் ஆங்கிலேயர் நகைப்பர். அகராதியில் அருஞ்சொல் தேடி அடுக்குவோரைக் கண்டு மயங்கவும் வேண்டா.

இன்றிரவே ஒரு குறிப்பேடு எடுத்து, தத்தம் தெருவைப் பற்றி, ‘வெரி’ ஓரிடத்தும் வாராமல், ஆங்கிலத்தில் பத்து வரி எழுதுங்கள்.