அவர்களுக்கு 1962, நமக்கு 1948

(நமுனுகுல வட்டாரத் தொழிற்சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜூலை மாத மாதர் கூட்டத்தில் ஒரு தங்கை கேள்வி ஒன்று கேட்டார். “டிவியில காட்டினாங்களே, ஆம்பளையும் பொம்பளையுமா வரிசையா வந்து துவக்குகள ஒரு பெரிய அண்டாவுல போட்டு எரிச்சாங்க. அவங்க யாரு? ஏன் எரிச்சாங்க?” நின்ற நிலையில் என்னால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். படிக்கப் படிக்க, இது நம் வீட்டுக் கதையாகவும் இருக்கிறதே என்று தோன்றியது. அதனால்தான் இன்று சம்பளக் கணக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு இதைப் பேசுகிறேன்.

அவர்கள் குர்து மக்கள். மூன்று கோடிக்கும் மேல் இருப்பார்கள். துருக்கி, ஈரான், ஈராக், சிரியா ஆகிய நான்கு நாடுகளிலும் பரவிக்கிடக்கும் மலைப்பகுதிதான் அவர்களுடைய நிலம். முதல் உலக யுத்தம் முடிந்ததும், 1920இல் வல்லரசுகள் எழுதிய செவ்ர் ஒப்பந்தத்தில் குர்துகளுக்குத் தன்னாட்சி, பிறகு வேண்டுமானால் தனிநாடு என்று ஒரு வாசல் வைத்தார்கள். மூன்றே வருடத்தில், 1923இல் லோசானில் வேறொரு ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் குர்து என்ற பெயரே இல்லை. துருக்கியில் “நீங்கள் குர்துகளே அல்ல, மலைத் துருக்கியர்” என்றார்கள். அவர்கள் மொழிக்கு 1991 வரை சட்டப்படியே தடை இருந்தது. அண்டாவில் துவக்கை எரித்தவர்கள் 1984இல் அந்தத் துருக்கிக்கு எதிராக ஆயுதம் ஏந்திய குர்திஸ்தான் தொழிலாளர் கட்சிக்காரர்கள். 1999 முதல் சிறையில் இருக்கும் அவர்களுடைய தலைவர் ஒச்சலான் 2025 பெப்ரவரியில் ஆயுதப் போராட்டத்தை முடிக்கச் சொன்னார். மே மாதம் கட்சியைக் கலைப்பதாக அறிவித்தார்கள். ஜூலை 11ஆம் திகதி முதல் குழு ஆயுதத்தை எரித்தது. தங்கையின் கேள்விக்கு நேர்ப்பதில் இவ்வளவுதான்.

என்னை நிறுத்திய இடம் வேறு. சிரியாவில் ஹசாக்கா என்று ஒரு மாகாணம். 1962 ஒக்டோபர் 5ஆம் திகதி, ஒரே ஒரு நாளில், அங்கே விசேட குடிசனக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1945க்கு முன்பிருந்தே இங்கேதான் வாழ்கிறோம் என்று கடதாசி காட்ட வேண்டும். காட்டாதவர் அந்நியர். ஏறத்தாழ 1,20,000 குர்துகள் அன்றைக்குப் பிரஜாவுரிமையை இழந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் பிரஜை, தம்பி அந்நியன். அந்த நாட்டு இராணுவத்துக்கே தலைமை அதிகாரியாக இருந்த ஒருவர்கூட அந்நியர் பட்டியலில் விழுந்தார்.

கேட்கும்போதே உங்களுக்கு நம் கதை ஞாபகம் வருகிறது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த வருடம் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், கலியாணம் முடித்தவர் என்றால் ஏழு வருடம், முடிக்காதவர் என்றால் பத்து வருடம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும். அங்கே 1945, இங்கே 1946. இரண்டு நாட்டு அதிகாரிகளும் கலந்து பேசியிருக்க மாட்டார்கள். ஆனால் எழுதப் படிக்க விடாமல் வைத்திருந்த மனிதனிடம் போய்க் கடதாசி கேட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது.

எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. எங்கள் தாத்தாவின் மனுவும் திரும்பி வந்தது. செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புப் பதிவில் ஒரு பெயர். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரே ஆள் என்று நிரூபிக்கத் தாத்தாவால் முடியவில்லை. அந்தக் கடதாசியைப் பாட்டி சாகும்வரை தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அதில் நம் ஊவாவுக்கும் இடம் இருந்தது: பதுளையில் எஸ்.எம்.சுப்பையா. 1952இல் ஒன்றும் இல்லை. நாம் தோற்கவில்லை தோழர்களே, வாக்காளர் இடாப்பில் நம் பெயரே இல்லை.

குர்துகளின் இன்னொரு வருடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், 1975. ஈராக்கில் முல்லா முஸ்தபா பர்சானியின் தலைமையில் குர்துகள் போராடினார்கள். 1970இல் பக்தாத் அரசாங்கம் தன்னாட்சி தருவதாக ஒப்பந்தம் எழுதியது. எண்ணெய் ஊரான கிர்குக் யாருக்கு என்பதில் அது முறிந்தது. மறுபடி சண்டை. பின்னால் நின்று ஆயுதம் கொடுத்தது ஈரான் மன்னர் ஷா, அவருக்குப் பின்னால் அமெரிக்கா. ஷாவுக்குக் குர்துகள் மேல் பாசமா? தன் நாட்டுக் குர்துகளை அவர் எப்படி வைத்திருந்தார் என்பதைப் பார்த்தாலே தெரியும். 1975 மார்ச் 6ஆம் திகதி, அல்ஜியர்ஸ் நகரில், ஷாவும் சதாம் உசேனும் ஓர் ஆற்று எல்லையைப் பற்றி உடன்பாடு செய்துகொண்டார்கள். உடனே ஈரான் கையை விரித்தது. சில வாரங்களில் போராட்டம் சரிந்தது. உடன்பாடு எழுதிய அறையில் ஒரு குர்துகூட இல்லை.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி டெல்லியில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட அறையில் நம்மில் யார் இருந்தார்? 9,75,000 பேர். அதில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று வைத்துவிட்டு, 1974இல் சரிபாதியாக வெட்டினார்கள். கொழுந்து நிறுக்கும்போதுகூடக் கூடைக்காரியைப் பக்கத்தில் நிற்க விடுகிறார்கள். இதற்கு நம்மை நிற்கவும் விடவில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் ஏறித் தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று ஏன் பெயர் வந்தது என்பது இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும். அதைச் சொல்லி யாரையும் அழவைக்க நான் வரவில்லை.

குர்துகளிடம் ஒரு பழமொழி உண்டு: மலையைத் தவிர நமக்கு நண்பன் இல்லை. நமக்கு அதையும் சொல்ல முடியாது. எதிரே நிற்கிற நமுனுகுல மலை நமக்கு நண்பன்தான், ஆனால் அதன் சரிவில் நாம் நடுகிற செடியும் நாம் இருக்கிற லயமும் அரசாங்கத்தின் காணியில், கம்பெனியின் குத்தகையில்.

இங்கேதான் ஒப்பீட்டைக் கொஞ்சம் நிறுத்திப் பிடிக்க வேண்டும். குர்துகள் தங்கள் மலைகளில் பெரும்பான்மை. நாம் அப்படியில்லை. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கிறோம். பதுளை மாவட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான். ஒரு தோட்டம், அடுத்து ஒரு சிங்களக் கிராமம், மறுபடி ஒரு தோட்டம். இந்த நிலத்தில் கோடு கிழித்து இது நம் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியாது. தொண்டமான் அவர்கள் வடகிழக்குத் தலைவர்களோடு கூட்டணியில் இருந்தும், 1976இல் தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது ஒதுங்கிக்கொண்டது இதனால்தான். அவருடைய எல்லா முடிவுகளோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. இதில் அவர் கணக்குச் சரி.

அப்படியென்றால் தன்னாட்சி என்ற சொல் நமக்குத் தேவையில்லையா? தேவை. நம் வாசலில் என்ன நடக்க வேண்டும் என்று முடிவெடுக்கிற மேசையில் நமக்கு ஒரு நாற்காலி வேண்டும், அதுதான் நமக்குத் தன்னாட்சி. அந்த நாற்காலியை எவ்வளவு நுணுக்கமாக எடுத்தார்கள் என்று பாருங்கள். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டித் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க முடியாது என்றார்கள். நாம் வாக்குப் போட்டு ஆளை அனுப்பலாம், அந்த ஆள் நம் லயத்துப் பாதைக்கு ஒரு லோடு கல் போட முடியாது! முப்பது வருடம் போராடி 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதே 1987இல் வந்தது 13ஆவது திருத்தம், மாகாண சபை. பள்ளிக்கூடம் மாகாணத்தின் கையில். தமிழ் வாத்தியார் இல்லை என்றால் கேட்க வேண்டிய இடம் ஊவா மாகாண சபை. அதற்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில். அன்றைக்கு முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை இப்போது உயர்தரத்தில். 2019க்குப் பிறகு சபையே இல்லை, ஆளுநர்தான்.

ஈராக்கில் குர்துகளுக்கு 1992இலிருந்து சொந்தப் பாராளுமன்றம் உண்டு, 2005 அரசியலமைப்பில் அங்கீகாரமும் உண்டு. அந்த இடத்துக்கு வர அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1988இல் ஹலப்ஜா என்ற ஒரே ஊரில் விஷவாயுவில் ஏறத்தாழ 5,000 பேர் செத்தார்கள். இன்று அங்கே எண்ணெய் இருக்கிறது, கொடி இருக்கிறது. ஆனால் வாத்தியார்களும் அரசாங்க ஊழியர்களும் மாதக்கணக்கில் சம்பளம் வராமல் வேலைநிறுத்தம் செய்கிறார்கள். அதிகாரம் இரண்டு குடும்பங்களின் கட்சிகளிடம். அந்த இரண்டு கட்சிகளும் 1994இலிருந்து நான்கு வருடம் தங்களுக்குள் சண்டை போட்டன. 1996இல் ஒரு கட்சி, தன் மக்களுக்கு விஷவாயு அடித்த அதே சதாமின் படையை அழைத்துவந்து மற்றக் கட்சியைத் துரத்தியது.

சிரிக்காதீர்கள். ஒரு சங்கத்துக்காரன் மற்றச் சங்கத்துக்காரனை அடக்கத் துரையிடம் போய் நின்ற கதை இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இல்லையா? ஒரு டிவிஷனில் நாலு கொடி பறக்கிறது. சந்தா கூடுகிறதோ இல்லையோ, கொடிக்கம்பம் கூடுகிறது. நம் சங்கமும் இதற்கு விலக்கல்ல, நானும் கம்பம் நட்டவன்தான்.

சிரியாவின் வடக்கில் 2012க்குப் பிறகு குர்துகள் நடத்திய நிர்வாகத்திலும் குறை இருந்தது. எதிர்க்கட்சிக்காரரைப் பிடித்து அடைத்தார்கள், அங்கே இருக்கிற அரபு மக்களுக்கு அவர்கள் மேல் மனக்குறை இருந்தது. ஆனால் ஒரு ஏற்பாடு எனக்குப் பிடித்தது. எந்தச் சபையானாலும் ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு தலைவர்கள். இருவருக்கும் சம அதிகாரம். இந்தக் கூட்டத்தைப் பாருங்கள். கொழுந்தெடுத்துச் சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் யார்? முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்கள் யார்? மாதர் தலைவி என்று ஒரு பதவியைக் கொடுத்து, தேநீர் ஊற்றும் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

பிரஜாவுரிமைக்குத் திரும்புகிறேன். சிரியாவில் அந்த அந்நியர்களுக்குப் பிரஜாவுரிமை தருவதாக அறிவித்தது 2011 ஏப்ரலில். நாடெங்கும் மக்கள் தெருவில் இறங்கிய பிறகுதான் அரசாங்கத்துக்குக் கண் தெரிந்தது. இங்கேயும் 1986 தைப்பொங்கலை ஒட்டிப் பிரார்த்தனைப் போராட்டம் என்று தோட்டம் தோட்டமாக வேலை நின்றது. அதன் பிறகுதான் அந்த வருடச் சட்டம், பிறகு 1988இன் சட்டம். மிச்சம் 2003இல் முடிந்தது. அந்தச் சட்டமும் எந்தத் திகதியைக் கேட்கிறது தெரியுமா? 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் இருந்தவரா, அவருடைய வாரிசா என்று. நம்மைப் பங்கு போட்ட நாளே நம் உரிமைக்கு அளவுகோலாயிற்று.

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் நாம் எல்லோரும் வாக்குப் போட்டோம். அடுத்த வகுப்புக்குப் பிரதேச சபை உறுப்பினர்களை, எந்தக் கட்சியானாலும், அழைத்திருக்கிறோம். ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் மாதர் தலைவிமார் வர வேண்டும். பாதை, தண்ணீர், லயத்துக்குக் கடிதம் நேராக வருகிறதா, யாருடைய பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெயர் மாறிக் கிடக்கிறது, இவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். கேள்வியைக் கேட்பது நீங்கள். நாங்கள் ஆண்கள் அன்றைக்குத் தேநீர் ஊற்றுகிறோம்.