பேஸ்மென்ட்டில் ட்யூனிங் வேண்டாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே பேஸ்மென்ட்டில் என் பழைய கார்புரேட்டர் பைக்கின் ஐடிலிங்கைச் சரிசெய்து கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் தலை கனத்தது, குமட்டியது. வெயில் என்று நினைத்தேன். பேஸ்மென்ட்டில் ஏது வெயில்? கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. பெட்ரோல் கூடி, காற்று குறைந்தால் அதிகமாக வருவது இதுதான். பக்கத்திலேயே வாட்ச்மேன் அறை. அன்று அவர் கேட்டில் இருந்தார், நல்லவேளை.

வேலை என்னவோ சுலபம்தான். வண்டியை ஐந்து கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்குங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்பி, இன்ஜின் வேகம் உச்சத்துக்கு வரும் இடத்தில் விடுங்கள். பிறகு ஐடில் ஸ்க்ரூவைக் குறைத்து, மேனுவலில் சொன்ன ஆர்.பி.எம்.முக்குக் கொண்டு வாருங்கள். நம் ஊர் சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 1400 பக்கம் இருக்கும். ஏர் ஃபில்டர் அழுக்காக இருந்தால் இத்தனையும் வீண்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியா? ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். பெட்ரோல் அளவை ஈசியு பார்த்துக்கொள்ளும். லேப்டாப்பை வைத்து ஃப்யூல் மேப்பை மாற்ற நம் பிளாக்கிலேயே இரண்டு தம்பிகளுக்கு ஆசை, தெரியும். தம்பி, பெட்ரோலை அள்ளி ஊற்றும் மேப் சைலன்சருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும், வாரன்ட்டியும் போகலாம். முதலில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்து பாருங்கள்.

எந்த வண்டியானாலும் மேலே, திறந்தவெளியில் செய்யுங்கள். ஞாயிறு காலை 9 முதல் 11 வரை விசிட்டர் பார்க்கிங்கைச் செயலாளரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஸ்க்ரூடிரைவர் என்னிடம் இருக்கிறது.